துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றும் வழக்கம் எங்கிருந்து வந்தது? வானிலை முன்னறிவிப்பைத் தொடங்கிய கேப்டன் ஃபிட்ஸ்ராயின் கதை

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானால் போதும். சில மணி நேரத்தில் அந்தச் செய்தி வந்துவிடும்: சென்னை, கடலூர், நாகை, பாம்பன் துறைமுகங்களில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். போனில் வானிலை ஆப் இருக்கிறது, சாட்டிலைட் படம் இருக்கிறது. இருந்தாலும் கம்பத்தில் கூண்டு ஏறுகிறதா என்று பார்க்கும் பழக்கம் கடலோரத்தில் இன்னும் போகவில்லை.

எங்கோ தூரத்தில் உருவாகும் புயலைப் பற்றி, அது வந்து சேரும் முன்பே கரையில் இருப்பவர்களுக்கு ஒரு வடிவத்தைக் காட்டி எச்சரிப்பது. கேட்க எளிமையாக இருக்கும் இந்த யோசனையை ஒரு நாடு முழுக்க, அரசு செலவில், முதல்முறையாகப் பெரிய அளவில் செய்துகாட்டியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. சார்லஸ் டார்வினை உலகம் சுற்றிக் கூட்டிப்போன பீகிள் கப்பலின் கேப்டன் என்றால் பலருக்குத் தெரியும். ஆனால், நாளைக்கு மழை வருமா என்று தினமும் காலையில் போனைத் தட்டிப் பார்க்கிறோமே, அந்தப் பழக்கத்தின் தொடக்கத்திலும் இவர்தான் இருக்கிறார். அந்த வேலைக்காக அவர் வாங்கிய கேலி கொஞ்சநஞ்சமல்ல.

12 வயதில் கடற்படை, 23 வயதில் கேப்டன்

1805 ஜூலை 5-ஆம் தேதி இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிறந்தார் ஃபிட்ஸ்ராய். சாதாரணக் குடும்பம் இல்லை. தாத்தா ஒரு டியூக், பிரதமராகவும் இருந்தவர். இன்னும் பின்னால் போனால் மன்னர் இரண்டாம் சார்லஸின் வம்சாவளி. 12 வயதில் போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். லெப்டினன்ட் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கித் தேறினார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு நிழலும் இருந்தது. அவருடைய தாய்வழி மாமா, பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த கேஸில்ரே பிரபு, மனநலம் பாதிக்கப்பட்டு 1822-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது ஃபிட்ஸ்ராய்க்கு 17 வயது. அந்த பயம் வாழ்நாள் முழுக்க அவரோடு வந்தது.

பீகிள் கப்பல் அவர் கைக்கு வந்த விதமும் அப்படித்தான். தென் அமெரிக்காவின் கடைக்கோடியில், குளிரும் புயலும் ஓயாத கடலில் வரைபடம் எடுத்துக்கொண்டிருந்த அதன் கேப்டன் பிரிங்கிள் ஸ்டோக்ஸ், தனிமையிலும் சோர்விலும் மனம் உடைந்து 1828-இல் தற்கொலை செய்துகொண்டார். அந்த இடத்துக்கு அனுப்பப்பட்டவர் 23 வயது ஃபிட்ஸ்ராய்.

பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே, 1829 ஜனவரியில், உருகுவே கடற்கரை அருகே கப்பல் ஒரு புயலில் மாட்டியது. பாம்பெரோ என்று அங்கே சொல்வார்கள். அர்ஜென்டினாவின் சமவெளிகளில் இருந்து திடீரென்று அடிக்கும் குளிர்ந்த சூறைக்காற்று அது. கப்பலில் இருந்த பாரோமீட்டர் முன்கூட்டியே இறங்கிக் காட்டியது. வானத்திலும் அறிகுறிகள் இருந்தன. இளம் கேப்டன் பாய்களைச் சுருக்கத் தாமதித்துவிட்டார். கப்பல் கவிழப் பார்த்தது. பாய்மரத்தின் மேலே இருந்த 2 மாலுமிகள் கடலில் விழுந்து மூழ்கிப்போனார்கள்.

கருவி சொன்னதை அலட்சியம் செய்ததால் 2 உயிர் போனது என்ற எண்ணம் அவரை விடவே இல்லை. அதற்குப் பிறகு பாரோமீட்டரைப் பார்க்காமல் அவர் எந்த முடிவும் எடுத்ததில்லை என்றே சொல்லலாம்.

அந்தக் கண்ணாடிக் குழாய் என்ன சொன்னது?

இங்கே கொஞ்சம் நின்று அடிப்படையைப் பார்த்துவிடலாம். இதைப் புரிந்துகொண்டால் நம்ம ஊர் வானிலை அறிக்கையும் பாதி புரிந்துவிடும்.

நம் தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று அடுக்கடுக்காக இருக்கிறது. காற்றுக்கு எடை உண்டு. கடல் மட்டத்தில், ஒரு விரல் நகம் அளவு இடத்தின் (1 சதுர சென்டிமீட்டர்) மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் காற்றின் எடை சுமார் 1 கிலோ. எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் நமக்குத் தெரிவதில்லை. இதுதான் காற்றழுத்தம்.

இத்தாலியில் டாரிசெல்லி என்ற அறிஞர் 1640-களில் இதை அளக்க வழி கண்டுபிடித்தார். ஒரு பக்கம் மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசம் இருக்கும் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தினார். முழுதும் கீழே கொட்டிவிடாமல் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிட்டது. கிண்ணத்தின் மேல் வெளிக்காற்று அழுத்துவதுதான் காரணம். அழுத்தம் கூடினால் பாதரசம் ஏறும், குறைந்தால் இறங்கும். அவ்வளவுதான் பாரோமீட்டர். இன்று இதையே ஹெக்டோபாஸ்கல் என்ற அலகில் சொல்கிறோம், கடல் மட்டத்தில் சராசரி சுமார் 1013. நம் ஸ்மார்ட்போன்கள் பலவற்றில் இதே வேலையைச் செய்யும் குட்டி சென்சார் இருக்கிறது.

சரி, அழுத்தம் குறைந்தால் ஏன் மழை? காற்று ஓரிடத்தில் மேலே ஏறிக்கொண்டே இருந்தால் அங்கே தரையில் அழுத்தம் குறையும். மேலே போகப் போக அழுத்தம் குறைவு என்பதால், ஏறும் காற்று விரிந்து குளிரும். அதில் கலந்திருக்கும் நீராவி மிக நுண்ணிய துளிகளாக மாறும். அந்தத் துளிகளின் கூட்டம்தான் மேகம். ஏற்றம் வலுவாக இருந்தால் மேகம் பெருத்து மழை கொட்டும். அழுத்தம் அதிகமான இடத்தில் இதற்கு நேர் எதிர்: காற்று இறங்கும், இறங்கும்போது சூடாகும், மேகம் கலையும், வெயில் அடிக்கும்.

காற்று அதிக அழுத்தத்தில் இருந்து குறைந்த அழுத்தத்தை நோக்கி ஓடும். பூமி சுழல்வதால் அந்த ஓட்டம் நேராகப் போகாமல் வளையும். அதனால்தான் வட அரைக்கோளத்தில் தாழ்வுப் பகுதியைச் சுற்றி காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. தென் அரைக்கோளத்தில் இது தலைகீழ். பாதரசம் மெல்ல இறங்கினால் வானிலை மாறப்போகிறது. கிடுகிடுவென்று இறங்கினால் ஆபத்து பக்கத்தில் வந்துவிட்டது.

1829-இல் பீகிள் கப்பலின் குழாய் சொன்னதும் அதையேதான்.

டார்வினோடு 5 ஆண்டு

1831 டிசம்பர் 27-ஆம் தேதி பீகிள் மறுபடி கிளம்பியது. முந்தைய கேப்டனுக்கு நேர்ந்தது தனக்கும் நேர்ந்துவிடுமோ என்ற பயம் ஃபிட்ஸ்ராய்க்கு இருந்தது. கப்பலில் கேப்டனோடு சமமாக உட்கார்ந்து சாப்பிட, பேச யாரும் இருக்க மாட்டார்கள். அந்தத் தனிமைக்குத் துணையாகப் படித்த ஓர் இளைஞர் வேண்டும் என்று தேடியபோது கிடைத்தவர்தான் 22 வயது டார்வின். உலகத்தின் அறிவியல் போக்கையே மாற்றிய பயணம், ஒரு மனிதர் தன் மனநலத்தைப் பற்றிக் கவலைப்பட்டதில் இருந்து தொடங்கியது என்பது பாடப்புத்தகங்களில் அதிகம் வராத விஷயம்.

நேரத்தைத் துல்லியமாகக் கணக்கிட 22 கடிகாரங்களோடு கப்பல் போனது. காற்றின் வேகத்தை எண்களால் குறிக்கும் பியூஃபோர்ட் அளவீடு முறையாகப் பயன்படுத்தப்பட்ட முதல் பயணமும் இதுதான். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று சொந்தக் காசில் இன்னொரு கப்பலையும் வாங்கினார் ஃபிட்ஸ்ராய். கடற்படைத் தலைமை அந்தச் செலவை ஏற்க மறுத்தது. மனம் வெறுத்து ராஜினாமா வரை போய்த் திரும்பினார். சொந்தப் பணத்தைப் போட்டு அரசு வேலையைச் செய்யும் இந்தக் குணம் கடைசிவரை மாறவில்லை.

1836 அக்டோபரில் கப்பல் ஊர் திரும்பியது. அவர் எடுத்த கடல் வரைபடங்கள் பல தலைமுறைகளுக்குப் பயன்பட்டன. அதற்குப் பிறகு நாடாளுமன்ற உறுப்பினர், நியூசிலாந்தின் ஆளுநர் என்று பதவிகள் வந்தன. நியூசிலாந்தில் நிலத்தகராறு ஒன்றில் 22 வெள்ளையர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். விசாரித்த ஃபிட்ஸ்ராய், தப்பு குடியேறிகள் பக்கம்தான், மாவோரிகள் தங்கள் நிலத்தைக் காக்கவே எதிர்த்தார்கள் என்று சொல்லிவிட்டார். குடியேறிகள் கொதித்துப்போனார்கள். 1845-இல் அவர் திரும்ப அழைக்கப்பட்டார். கோபக்காரர், வளைந்துகொடுக்கத் தெரியாதவர் என்ற பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது.

மூன்று பேர் கொண்ட அலுவலகம்

1854-இல் வணிக வாரியத்தின் கீழ் ஒரு சின்னத் துறையை பிரிட்டிஷ் அரசு தொடங்கியது. அதற்குத் தலைவராக ஃபிட்ஸ்ராய். உதவிக்கு மூன்றே பேர். இன்று உலகின் பெரிய வானிலை மையங்களில் ஒன்றாக இருக்கும் மெட் ஆஃபீஸின் தொடக்கம் இதுதான்.

முன்னறிவிப்பு அவர்களுடைய வேலையே இல்லை. கப்பல் கேப்டன்களுக்குக் கருவிகளைக் கொடுத்து, அவர்கள் எழுதிவரும் குறிப்புகளைச் சேகரித்து அட்டவணை போட வேண்டும். எந்த மாதத்தில் எந்தக் கடலில் எந்தப் பக்கம் காற்று என்று தெரிந்தால் பயணம் சுருங்கும், பணம் மிச்சம். இன்றைய பாஷையில் சொன்னால் டேட்டா என்ட்ரி. லண்டனின் வானிலையை ஒரு நாள் முன்னதாகச் சொல்லும் காலம் வரலாம் என்று அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் பேசியபோது அவை விழுந்து விழுந்து சிரித்தது. வானிலையை முன்கூட்டிச் சொல்வது ஜோசியக்காரர்களும் பஞ்சாங்கம் விற்பவர்களும் செய்யும் வேலை என்பதுதான் அன்றைய படித்தவர்களின் எண்ணம்.

ஆனால் இரண்டு விஷயங்கள் சூழலை மாற்றிக்கொண்டிருந்தன. ஒன்று தந்தி. புயல் மணிக்குச் சில பத்து கிலோமீட்டர் வேகத்தில் நகரும், தந்தி நொடியில் போய்விடும். மனித வரலாற்றில் முதல்முறையாக, ஒரு செய்தி புயலை முந்திக்கொண்டு ஓட முடிந்தது. இன்னொன்று கிரிமியப் போர். 1854 நவம்பர் 14-ஆம் தேதி கருங்கடலில் பாலக்லாவா அருகே வீசிய புயலில் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் ஏராளமாக மூழ்கின. அந்தப் புயல் ஐரோப்பாவைக் கடந்துதான் அங்கே போயிருக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே பிறகு கணக்குப் போட்டுக் காட்டினார். அதாவது, தந்தி இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம்.

ஃபிட்ஸ்ராய் கொடுத்த வேலையோடு நிற்கவில்லை. மீனவர்களுக்காக உறுதியான, விலை குறைந்த பாரோமீட்டர்களை உருவாக்கி, ஏழை மீனவக் கிராமங்களின் துறைகளில் வைக்க ஏற்பாடு செய்தார். அதை எப்படிப் படிப்பது என்று எளிய கையேடும் எழுதினார். கருவியை மட்டும் நம்பாதே, மேகத்தையும் பார் என்பது அவர் கட்சி. பஞ்சு இழை போன்ற உயர மேகம் (சிர்ரஸ்), குவியல் மேகம் (கியூமுலஸ்), போர்வை போல மூடும் மேகம் (ஸ்ட்ராட்டஸ்) என்று லூக் ஹவர்ட் என்ற லண்டன் மருந்துத் தயாரிப்பாளர் 1802-இலேயே பெயர் வைத்திருந்தார். தெளிந்த வானத்தில் உயர இழை மேகங்கள் பரவத் தொடங்கி, பிறகு அடர்ந்து, தாழ்ந்து, கூடவே பாதரசமும் இறங்கினால், படகை எடுக்காதே. ஃபிட்ஸ்ராயின் பாரோமீட்டர்கள் சில பிரிட்டன் கடற்கரையில் இன்றும் சுவரில் இருக்கின்றன.

தங்கத்தோடு மூழ்கிய கப்பல்

1859 அக்டோபர் கடைசி வாரம். ராயல் சார்ட்டர் என்ற நீராவிக் கப்பல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருந்து லிவர்பூலுக்கு வந்துகொண்டிருந்தது. தங்கச் சுரங்கங்களில் சம்பாதித்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறவர்கள் நிறையப் பேர் அதில் இருந்தார்கள். இரண்டு மாதப் பயணம் முடிந்துவிட்டது. இன்னும் சில மணி நேரத்தில் வீடு.

25-ஆம் தேதி இரவு புயல் பிடித்தது. நங்கூரம் போட்டார்கள், சங்கிலி அறுந்தது. காற்று கப்பலை வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்ஸீ தீவுப் பாறைகளில் தூக்கி அடித்து, 26-ஆம் தேதி காலை உடைத்துப்போட்டது. கரை கண்ணுக்கெதிரே, கூப்பிடு தூரம். இறந்தவர்கள் சுமார் 450 பேர். பிழைத்தவர்கள் ஏறத்தாழ 40. அந்த 40 பேரில் ஒரு பெண்கூட, ஒரு குழந்தைகூட இல்லை. இடுப்பில் கட்டியிருந்த தங்கமே சிலரைக் கீழே இழுத்துவிட்டது என்று அந்தக் கரையில் இன்றும் சொல்வார்கள். அதே புயலில் பிரிட்டன் கடற்கரை முழுவதும் மூழ்கிய கப்பல்கள் 133, மொத்த உயிரிழப்பு சுமார் 800.

ஃபிட்ஸ்ராய் தன் மூன்று பேர் அலுவலகத்தில் உட்கார்ந்து, கலங்கரை விளக்கங்களில் இருந்தும் கப்பல்களில் இருந்தும் அந்த நாட்களின் அழுத்தம், வெப்பம், காற்றுத் திசைக் குறிப்புகளை வரவழைத்தார். நேரவாரியாக வரைபடத்தில் போட்டார். புயல் ஒரு பெரும் சுழலாகத் தெற்கே இருந்து வடக்கே நகர்ந்திருப்பது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. தெற்குக் கடற்கரையில் அடித்த நேரத்துக்கும் ஆங்கிள்ஸீயில் அடித்த நேரத்துக்கும் இடையே பல மணி நேர இடைவெளி. ஒரு தந்தி போதுமானது.

அனுமதி கேட்டார், கிடைத்தது. கடற்கரை ஊர்களில் 15 நிலையங்கள் அமைந்தன. தினமும் காலையில் அங்கிருந்து அழுத்தமும் வெப்பமும் காற்றும் தந்தியில் லண்டனுக்கு வரும். புயல் வரும் என்று ஃபிட்ஸ்ராய் கணித்தால், சம்பந்தப்பட்ட துறைமுகத்துக்குப் பதில் தந்தி போகும். அங்கே கம்பத்தில் கறுப்பான கூம்பை ஏற்றுவார்கள். முனை மேலே பார்த்தால் வடக்கில் இருந்து சூறைக்காற்று, கீழே பார்த்தால் தெற்கில் இருந்து. காற்று திசை மாறி மாறி அடிக்கும் என்றால் உருளை. இரவில் விளக்குகளைக் கட்டி அதே வடிவம். படிப்பறிவு இல்லாத மீனவரும் தூரத்தில் இருந்தே புரிந்துகொள்ளலாம்.

1861 பிப்ரவரியில் இந்தச் சேவை தொடங்கியது. முதல் எச்சரிக்கையைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வானம் நன்றாகத்தானே இருக்கிறது என்று டைன் நதித் துறையில் இருந்து கிளம்பிய கப்பல்கள் புயலில் சிக்கின. அதற்குப் பிறகு கூம்புக்கு மரியாதை வந்தது.

கணிப்பு, ஜோசியம் இல்லை

தினமும் இவ்வளவு தகவல் கைக்கு வருகிறது. இதைத் துறைமுகத்துக்கு மட்டும் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யோசித்தார் ஃபிட்ஸ்ராய். 1861 ஆகஸ்ட் 1-ஆம் தேதி தி டைம்ஸ் நாளிதழில் பொதுமக்களுக்கான முதல் வானிலை முன்னறிவிப்பு வெளியானது. அடுத்த 2 நாட்களுக்கு நாட்டின் வடக்கு, மேற்கு, தெற்குப் பகுதிகளில் மிதமான மேற்கத்திக் காற்று, நல்ல வானிலை என்று சில வரிகள். இன்று வானிலை ஆப்பின் முதல் திரையில் வரும் அளவுகூட இல்லை.

இதற்கு என்ன பெயர் வைப்பது என்பதிலும் கவனமாக இருந்தார். ஆருடம், தீர்க்கதரிசனம் என்ற அர்த்தம் வரும் சொற்களைத் தவிர்த்தார். கணக்குப் போட்டு எட்டிய கருத்து என்ற பொருளில் ஃபோர்காஸ்ட் என்ற சொல்லை வானிலைக்குப் பயன்படுத்தினார். ஆங்கிலம் பேசும் உலகம் அப்படியே பிடித்துக்கொண்டது.

மக்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவர்கள்கூடப் பார்க்க ஆரம்பித்தார்கள். தீவில் இருக்கும் மாளிகைக்குக் கடல் கடந்து போகும் முன் விக்டோரியா மகாராணி அவர் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். 1863-இல் பொதுமக்களுக்காக வானிலை பற்றி ஒரு பெரிய புத்தகமும் வந்தது. துருவத்தில் இருந்து வரும் குளிர்ந்த காற்றும் வெப்பப் பகுதியில் இருந்து வரும் ஈரக்காற்றும் மோதும் இடத்தில்தான் புயல்கள் பிறக்கின்றன என்று அதில் விளக்கினார். சுமார் 60 ஆண்டு கழித்து நார்வே அறிஞர்கள் கொண்டுவந்த கோட்பாட்டின் சாயல் அதில் இருக்கிறது.

சிக்கல் எங்கே? வெறும் 15, 20 நிலையங்கள். அட்லாண்டிக் கடலில் இருந்து வரும் புயல்களைப் பார்க்க மேற்கே ஒரு கண்ணும் கிடையாது. மேல்வளி பற்றி எந்தத் தகவலும் இல்லை. கம்ப்யூட்டர் இல்லை, கணக்கிடும் சமன்பாடுகள் இல்லை. ஒரு மனிதர், அவருடைய கடல் அனுபவம், ஒரு வரைபடம், ஒரு மணி நேரம். தப்பாகாமல் எப்படி இருக்கும்?

தப்பானது. வெயில் என்றால் மழை பெய்தது. பத்திரிகைகள் கலாய்க்க ஆரம்பித்தன. இன்று சமூக வலைதளத்தில் வானிலை ஆய்வாளர்களை ட்ரோல் செய்வது போலவேதான். அவருடைய முன்னறிவிப்பை அச்சிட்டுக்கொண்டே, 1864-இல் டைம்ஸ் அதைக் கிண்டல் செய்தும் எழுதியது. விஞ்ஞானிகள் தரப்பில் வேறு குறை: அடிப்படைக் கோட்பாடு இல்லாமல் எதை வைத்துச் சொல்கிறார்? நாடாளுமன்றத்தில் தந்திச் செலவைப் பற்றிக் கேள்வி. மீன்பிடிப் படகுகளின் முதலாளிகளுக்கு இன்னொரு கோபம். கூம்பு ஏறினால் ஆட்கள் கடலுக்குப் போக மாட்டேன் என்கிறார்கள், ஒரு நாள் தொழில் போகிறது. படகில் போகிறவனுக்கும் படகு வைத்திருப்பவனுக்கும் புயல் ஒன்றாகத் தெரிவதில்லை.

நியாயமாகப் பார்த்தால் எதிர்த்தவர்கள் எல்லோரும் முட்டாள்கள் இல்லை. தினசரி முன்னறிவிப்பு அன்றைய அறிவியல் தாங்கும் எடையைவிடக் கூடுதல்தான். புயல் எச்சரிக்கையோடு நின்றிருந்தால் இவ்வளவு அடி வாங்கியிருக்க மாட்டார். ஆனால் முழுதாகத் தெரியும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது அவரால் முடியாத காரியம். 1829-இல் செத்துப்போன 2 பேர் அவர் கணக்கில் இருந்தார்கள்.

சொந்த வாழ்க்கையிலும் அடி மேல் அடி. முதல் மனைவி 1852-இல் இறந்தார். 1859-இல் டார்வினின் பரிணாமப் புத்தகம் வந்தபோது, தீவிர மதப்பற்று கொண்ட ஃபிட்ஸ்ராய் நொறுங்கிப்போனார். அந்த ஆராய்ச்சிக்குத் தன் கப்பலே தளமாக இருந்ததே என்ற வேதனை. 1860-இல் புயல்கள் பற்றிக் கட்டுரை வாசிக்க ஆக்ஸ்ஃபோர்டு போனவர், மறுநாள் அங்கே நடந்த புகழ்பெற்ற பரிணாம விவாதத்தில் எழுந்து பைபிளுக்காகப் பேசினார். வாரியத்தில் அவர் எதிர்பார்த்த பதவி, பீகிள் கப்பலில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவருக்குப் போனது. காது மந்தமானது. கடன் ஏறியது. மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஓய்வெடுக்க அவருக்குத் தெரியவில்லை.

1865 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை காலை, லண்டனுக்குத் தெற்கே நார்வுட் வீட்டில் ஃபிட்ஸ்ராய் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 59. வாழ்நாள் முழுக்க அவர் பயந்த அதே முடிவு. சொந்தச் சொத்தில் பெரும்பகுதியைப் பொதுவேலைக்கே செலவழித்திருந்ததால் குடும்பத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நண்பர்கள் நிதி திரட்டினார்கள். டார்வின் 100 பவுண்டு கொடுத்தார். மனைவிக்கும் மகளுக்கும் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் தங்க இடம் தந்தார் விக்டோரியா.

கூம்பை இறக்கினார்கள், திரும்ப ஏற்றினார்கள்

அவர் போன பிறகு, பிரான்சிஸ் கால்டன் தலைமையில் ஒரு குழு அவருடைய வேலையை ஆராய்ந்தது. கால்டன், டார்வினின் உறவினர். தினசரி முன்னறிவிப்புக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று 1866-இல் அறிக்கை வந்தது. முதலில் அது நின்றது. டிசம்பரில் புயல் எச்சரிக்கையும் நின்றது.

அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இருந்து எதிர்ப்பு கிளம்பியது. துறைமுக ஊர்களில் இருந்து, கப்பல்காரர்களிடம் இருந்து, மீனவர்களிடம் இருந்து. கூம்பு எல்லா நாளும் சரியாக இருந்ததில்லை என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் அது வேண்டும் என்றார்கள். 1867-இல் எச்சரிக்கை சேவை திரும்ப வந்தது. பத்திரிகை முன்னறிவிப்பு வர 1879 வரை ஆனது.

இந்தியாவில், 1864 அக்டோபர் புயல் கல்கத்தாவைப் புரட்டிப்போட்ட பிறகு, 1865-இல் அந்தத் துறைமுகத்தில் எச்சரிக்கை முறை தொடங்கியது. ஃபிட்ஸ்ராய் இறந்த அதே ஆண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது 1875-இல். இன்று நம் துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணுள்ள எச்சரிக்கைகள் இருக்கின்றன. பகலில் வடிவங்கள், இரவில் விளக்குகள். எண் கூடக் கூட ஆபத்து நெருங்குகிறது என்று அர்த்தம். பிரிட்டன் தன் கடற்கரைக் கூம்புகளை 1984-இல் நிறுத்திவிட்டது. இங்கே கூண்டு இன்னும் ஏறுகிறது.

பிரிட்டிஷ் வானொலியில் கடலோடிகளுக்கான வானிலை அறிக்கை தினமும் வாசிக்கப்படுகிறது. கடலைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் ஸ்பெயினுக்கு வடமேற்கே இருக்கும் ஃபினிஸ்டர் என்ற பகுதியின் பெயரை ஸ்பெயினும் வேறொரு பகுதிக்கு வைத்திருந்ததால் குழப்பம் வந்தது. 2002 பிப்ரவரியில் பிரிட்டன் தன் பக்கப் பெயரை மாற்றியது. அன்றில் இருந்து அந்தக் கடலில் காற்று எப்படி, அலை எப்படி என்று சொல்லும் முன் அறிவிப்பாளர் வாசிக்கும் பெயர் ஃபிட்ஸ்ராய்.